ஜப்பான்காரர் ‘சொட்டோ’ என்றால்

பயப்படுவதில் எனக்கு நாற்பத்தாறு வருஷ அனுபவம் உண்டு. தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிப் போனதில்லை. ஆற்றுப் பாலத்தில் எதிரே மாட்டுவண்டி வந்தால் ஓரமாக ஒதுங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வண்டி போய், தூசியும் அடங்கின பிறகே நடப்பேன். இப்படிப்பட்டவன் கப்பலேறி ஜப்பானுக்குப் போய் வந்தேன் என்றால் பாளையங்கோட்டையில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பின பாதிப் பேர் தெருவில் மறித்து, தாங்களும் போகலாமென்று இருப்பதாகவும், அங்கே எதெதற்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டுமென்றும் கேட்கிறார்கள். ஜப்பான்காரன் ருஷ்யாக்காரனை அடித்து விரட்டின நாளிலிருந்து நம்மூரில் எல்லாருக்கும் ஜப்பான் பித்துப் பிடித்திருக்கிறது. ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

போன காரியம் இரண்டு. ஊருக்குச் சொன்ன காரியம், பருத்தி. தச்சநல்லூரில் நான் குமாஸ்தாவாக இருக்கிற கிடங்கின் முதலாளிக்கு, நம் கருங்கண்ணிப் பருத்தியை ஜப்பான் ஆலைக்காரர்களிடம் காட்ட ஆள் தேவைப்பட்டது. தைரியசாலிகள் எல்லாரும் வேலை இருக்கிறது என்று நழுவினார்கள். நான் போகிறேன் என்றேன். முதலாளி என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஊருக்குச் சொல்லாத காரியம், என் மகள் எஸ்தர். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளை ஞானமுத்துவுக்கு நிச்சயம் பண்ணினோம். இரண்டு வருஷம் சம்பாதித்துவிட்டு வந்து கல்யாணம் என்று சொல்லி அவன் ஜப்பானில் கோபே பட்டணத்தில் ஒரு வியாபாரியிடம் கணக்கெழுதப் போனான். மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். அதிலும் முக்கால்வாசி அந்த ஊர் மழையைப் பற்றி. இதற்கிடையில் ஆழ்வார்குறிச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எஸ்தரைத் தலைமை உபாத்தியாயினியாக வரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் வரை காத்திருப்போம், அதற்கு மேல் முடியாது என்று எழுதியிருந்தார்கள். வேலையை ஏற்றுக்கொண்ட மறுமாதம் மாப்பிள்ளை வந்து நின்றால் பள்ளிக்கூடத்தை நடுத்தெருவில் விட்டமாதிரி ஆகும். வேண்டாமென்று எழுதி, அவனும் வராவிட்டால் இவள் நடுத்தெருவில் நிற்பாள்.

நான் கிளம்புகிற அன்று வேஷ்டிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: “அப்பா, நீங்க எதையும் சிரிப்பாக்கிருவீங்க. இதை ஆக்காதீங்க. அவுக வருவாகளா, மாட்டாகளா? எனக்கு ஒத்தச் சொல்லு போதும்.”

கப்பலைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. வாந்தி வாளியைப் பற்றி வேண்டுமானால் எழுதலாம், வழியெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே கப்பல் சமையல்காரன் எனக்குப் பத்து ஜப்பான் சொற்கள் கற்றுக்கொடுத்தான். அவற்றில் மனசில் நின்றது ‘சொட்டோ’. கொஞ்சம் என்று அர்த்தமாம். நம்முடைய ‘சொட்டு’தானே, கடல் தாண்டி வந்து வால் முளைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இந்தச் சொந்தம் கொண்டாடினதன் பலனைக் கீழே காண்க.

கோபேயில் கரையிறங்கினவுடன் சுங்கச் சாவடி. உத்தியோகஸ்தர் ஒருவர் வெள்ளைக் கையுறை போட்ட விரலால் என்னைச் சுட்டி, “அனாத்தா” என்றார். முன்பின் பார்க்காத மனுஷன், முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அநாதை என்று கண்டுபிடித்துவிட்டானே. பக்கத்தில் நின்ற இன்னொருவரும் “அனாத்தா” என்றார். உண்மைதான் ஐயா என்று தலையாட்டினேன். அந்தப் பாஷையில் அதற்கு ‘நீங்கள்’ என்றுதான் அர்த்தம் என்பது இரண்டு நாள் கழித்தே தெரிந்தது. போகிறவர்கள் அறிக: ஜப்பானில் எல்லாரும் எல்லாரையும் அநாதை என்றுதான் கூப்பிடுகிறார்கள். கலங்க வேண்டாம்.

அடுத்து என் மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். கருங்கண்ணிப் பருத்தியை இறுக்கி அமுக்கிக் கட்டினவன் நான். அவிழ்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், கையை ஆட்டி ஆட்டித் தடுத்தேன். சந்தேகம் வலுத்து, கத்தியால் கயிற்றை அறுத்தார்கள். கடற்காற்று நல்ல காற்று. உத்தியோகஸ்தரின் மீசை ஒரு நொடியில் நரைத்தது. அவர் கோபப்படவில்லை. ஒவ்வொரு பிசிறாகப் பொறுக்கி என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன். அவர் மறுபடி வணங்கினார். எப்போது நிறுத்துவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பின்னால் நின்ற ஆள் தோளைத் தட்டின பிறகுதான் நகர்ந்தேன்.

இங்கே பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயுசு முழுக்கச் செருப்போடு திரிந்தவன், அந்நிய தேசத்தில் கௌரவமாக இருக்க வேண்டுமென்று தூத்துக்குடியில் கயிறு கட்டுகிற பூட்ஸ் வாங்கி மாட்டியிருந்தேன். போய்ப் பார்த்தால் அந்த ஊரில் நம்மைவிட மோசம். வீட்டு வாசல், விடுதி வாசல், சில கடை வாசலில்கூடக் காலணியைக் கழற்ற வேண்டும். முடிச்சுப் போடத் தெரிந்த எனக்கு அவிழ்க்கத் தெரியாது. ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து பல்லால் கடித்து இழுக்கிற நிலைமை. செருப்போடு போங்கள். கௌரவம் அங்கே காலில் இல்லை.

விடுதிக்கார அம்மாள் சிறிய உருவம், பெரிய மரியாதை. முதல் சாப்பாட்டுக்குத் தட்டில் பச்சை மீனை மெல்லிசாக வெட்டி, பூப்போல அடுக்கிக்கொண்டு வந்து என் முன் வைத்தாள். மீன் புதுசுதானா என்று வாங்குகிறவனிடம் காட்டிவிட்டுக் குழம்பு வைக்கிற வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன், மோந்து பார்த்தேன், நல்ல மீன்தான் என்று தலையசைத்து, எடுத்துப் போய்க் குழம்பு வைக்கச் சொல்லிக் கை காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழம்பு வரவேயில்லை. கடைசியில் ஊரிலிருந்து கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறும் சோற்றைத் தின்றேன். சோறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது, இரண்டு குச்சியால் எடுப்பதற்கு அதுதான் தோது. எனக்குக் குச்சியில் மூன்று பருக்கை வந்தது. நாலாவதுக்கு நான் பாடுபடவில்லை, கையை விட்டேன். அவள் பெருந்தன்மையாகச் சுவரைப் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் பருத்தியை ஆலைக்காரர்களிடம் காட்டினேன். எல்லாவற்றுக்கும் “ஹாய், ஹாய்” என்றார்கள். ‘ஆமாம்’ என்று அர்த்தம் என்பதால் வியாபாரம் முடிந்தது என்று முதலாளிக்குத் தந்தி எழுதிவைத்தேன். நல்லவேளை, அனுப்பவில்லை. நீ பேசுவது காதில் விழுகிறது என்பதற்கும் அவர்கள் ஹாய்தான் சொல்கிறார்கள்.

அங்கிருந்து ஞானமுத்துவின் விலாசத்துக்கு ஓடினேன். கதவைத் திறந்த பெண்ணிடம் அவன் பேரைச் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுத்து, “சொட்டோ...” என்றாள். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவான் என்று வாசற்படியில் உட்கார்ந்தேன். அவள் கதவை மெதுவாகச் சாத்தினாள். அரைமணிக்கு ஒருதரம் திறந்து பார்த்தாள். நான் சிரித்தேன். வெயில் சாயும் வரை உட்கார்ந்து, வராதவனைக் கண்டபடி திட்டிவிட்டு விடுதிக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். உலகம் அழிந்தாலும் அது நிற்காது. நல்லெண்ணெயை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்து ஊறவைத்துக்கொண்டு குளிப்பறைக்குப் போனேன். பெரிய மரத்தொட்டி, ஆவி பறக்கிற வெந்நீர், கழுத்தளவில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கனவான்கள். அந்த ஊரில் வெளியே உட்கார்ந்து தேய்த்துக் குளித்துச் சுத்தமான பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், தொட்டி சும்மா ஊறுவதற்கு. இது எனக்கு இப்போது தெரியும். அப்போது, நம்மூர்க் குறுக்குத்துறை ஆற்றில் இறங்குகிற மாதிரி இறங்கினேன். எண்ணெய் பைய விரிந்து, வானவில் நிறத்தில் முதல் கனவானின் தாடையைத் தொட்டது. அவர் கண்ணைத் திறந்தார். எழுந்தார். என்னை வணங்கிவிட்டுப் போனார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேரும் வணங்கிவிட்டுப் போனார்கள். குறுக்குத்துறையாக இருந்தால் இதற்குள் என் ஏழு தலைமுறையையும் திட்டிக் கரையேற்றியிருப்பார்கள்.

விடுதிக்கார அம்மாள் என் எண்ணெய்க் குப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தலையைச் சாய்த்து, மூச்சை இழுத்து, “சொட்டோ...” என்றாள்.

எவ்வளவு நியாயமான பெண்பிள்ளை. எண்ணெயே கூடாதென்று சொல்லவில்லை, ஒரு சொட்டுப் போதும் என்கிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் கண்ணெதிரே, குப்பியைச் சாய்த்து உச்சியில் ஒரே ஒரு சொட்டு விட்டுக்கொண்டேன். அவள் முகத்தில் என்னவோ ஓடியது, நன்றி என்று எடுத்துக்கொண்டேன். போய்த் தொட்டியில் இறங்கினேன். சீயக்காயைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்று, இரண்டு கை நிறையச் சீயக்காய்ப் பொடியைத் தேய்த்து முங்கினேன். மழைக்காலத்தில் புதுவெள்ளம் வருகிற ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். தொட்டி அந்த நிறத்துக்கு வந்தது.

இந்தத் தடவை அவள் என்னிடம் பேச வரவில்லை. ஆள் விட்டு, அந்த வட்டாரத்தில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே மனுஷரை வரவழைத்தாள். காயல்பட்டினத்துக்காரர், ரத்தினக்கல் வியாபாரம், பேர் மொகுதூம். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சுத்துவட்டாரத்துல குளிக்க முடியாம பண்ணின திருநெல்வேலிக்காரர் நீருதானா வே?”

தமிழைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சீயக்காய் எரிச்சல் என்று சமாளித்தேன். ஒரு சொட்டுத்தானே விட்டேன், அவள் சொன்னபடிதானே செய்தேன் என்று முறையிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் காகிதக் கதவுகள் அதிர்ந்தன. விடுதிக்கார அம்மாளுக்கும் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“அண்ணாச்சி, இவங்களுக்கு முகத்துக்கு நேரே ‘முடியாது’ன்னு சொல்ல வாய் வராது. ‘சொட்டோ’ன்னு இழுத்து மூச்சை வாங்கினா, அதோட சரி. கதவு சாத்தியாச்சுன்னு அர்த்தம். நாமதான் எந்திரிச்சுப் போயிரணும்.”

அப்படியானால் நேற்றைய வாசற்படி? அதையும் சொன்னேன். ஞானமுத்துவின் பேரைக் கேட்டதும் அவர் சிரிப்பு நின்றது. அவன் கோபேயை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, ஒசாக்கா பட்டணத்தில் இருக்கிறான், நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கிறான், நீரே பாரும் என்று தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

நாளை வரை பொறுக்கிற ஆள் என்றால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? அவர் தலை மறைந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினேன். ஓய்வுநாளில் பிரயாணம் செய்ததற்குப் பாதிரியார் மன்னிக்க, கர்த்தர் அன்றைக்கே தண்டித்துவிட்டார். நம்மூர் ரயில், ஸ்டேஷன் மாஸ்டர் காப்பி குடித்து முடிக்கும் வரை நிற்கும். அங்கே மணி அடித்த நொடியில் நகர்கிறது. ஓடி ஏறிக்கொண்டு, எதிரே இருந்த பெரியவரிடம் “ஒசாக்கா?” என்றேன். “ஹாய், ஹாய்” என்று என்னவோ நீளமாகச் சொன்னார். ஹாயைப் பற்றி எனக்குப் பாதிதான் தெளிந்திருந்தது. அடுத்த ஊரில் “ஒசாக்கா?” என்றேன். இந்தத் தடவை பெட்டியே சேர்ந்து “ஹாய்” என்று தலையாட்டி, ஜன்னலுக்கு வெளியே, வந்த வழியைச் சுட்டிக்காட்டியது. ஒசாக்காவின் அழகைக் காட்டுகிறார்கள் என்று நானும் பார்த்து ரசித்தேன். கடைசியில் அந்தப் பெரியவரே என்னைக் கைப்பிடித்து இறக்கினார். அது அக்காஷி என்கிற கடற்கரை ஊர். ஒசாக்கா நேர் எதிர்த்திசை. அவர் தம் சோலியை விட்டுவிட்டு என்னோடு எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று, என்னை ஏற்றிவிட்டு, பெட்டியில் இருந்தவர்களிடம் என்னவோ சொல்லி ஒப்படைத்தார். இருட்டிவிட்டதால் ஒசாக்காவைக் கைவிட்டு விடுதிக்கே திரும்பினேன்; கோபே வந்ததும் நாலு பேர் ஒன்றாக எழுந்து என்னை இறக்கினார்கள். அநாதைக்கு இத்தனை சொந்தம்.

திங்கட்கிழமை மொகுதூம் என்னைச் சரியான ரயிலில் ஏற்றி, ஒசாக்காவில் ஒரு சந்து முனை வரை வந்து, வீட்டைக் காட்டிவிட்டு, தான் இங்கனயே நிற்பதாகச் சொன்னார். வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. அதை ஒட்டினாற்போல் சிவப்பு வார் போட்ட ஒரு ஜோடி மரச்செருப்பு. நான் அதைப் பார்க்காத மாதிரி பூட்ஸோடு மல்லுக்கட்டினேன்.

ஞானமுத்து ஓடிவந்து, “மாமா” என்றான். மீசையைக் காணோம். முழங்காலை மடித்து உட்காருகிறான், பேச்சுக்குப் பேச்சு குனிகிறான். மழை உண்டா, கார் நெல் எப்படி என்று கேட்டான். ஒரு பெண் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இருபது வயசுக்குமேல் இருக்காது. அவன் அவளை இன்னாரென்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாலும் சீனியும் இல்லாத அந்தப் பச்சைத் தேநீரை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

“எஸ்தர் சுகமா இருக்காளா, மாமா?”

அதை ஒரு கடுதாசி போட்டு அவளிடமே கேட்டிருக்கலாமே என்றேன். ஆழ்வார்குறிச்சி வேலையையும் கிறிஸ்துமஸ் கெடுவையும் சொன்னேன். ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டேன்.

அவன் தலையைச் சாய்த்தான். பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுத்தான்.

“கொஞ்சம்... மாமா.”

இரண்டு நாளைக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் நான் சந்தோஷமாக எழுந்து போயிருப்பேன். இன்னும் கொஞ்ச நாளாம் என்று எஸ்தரிடம் சொல்லியிருப்பேன். அவள் வேலையை வேண்டாமென்று எழுதிப்போட்டு, வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள், எத்தனை வருஷமோ. வேடிக்கையாக ஏதாவது சொல்லி இந்த நிமிஷத்தைத் தாண்டிவிட வேண்டுமென்று நாக்கு துடித்தது. என் ஆயுசில் முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை.

“லே ஞானம், நீ சொன்ன சொல்லு தமிழ்ச் சொல்லு. சொன்ன அர்த்தம் தமிழ் இல்ல. எனக்கு இப்பம் வெளங்குது. அந்தப் பிள்ளைக்கு இந்தப் பாஷை தெரியாது. அவளுக்கு வெளங்குத மாதிரி சொல்லு. வருவியா, மாட்டியா?”

பக்கத்து அறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாட்டேன்.”

சொன்ன பிறகு நிமிர்ந்து பார்த்தான். கண்ணெல்லாம் தண்ணீர். “எத்தனையோ தரம் இதை எழுதத்தான் உக்காந்தேன், மாமா. முடிக்கயில பாத்தா மழையைப் பத்தி எழுதியிருப்பேன்.”

அடிக்க வேண்டும் என்றும் தோன்றியது, அழவேண்டாம்லே என்று சொல்லவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் எழுந்தேன். வாசலில் அந்தப் பெண் மண்டியிட்டிருந்தாள். நான் உள்ளே பார்த்தபடி உதறிப்போட்டிருந்த பூட்ஸை வெளியே பார்க்கத் திருப்பி வைத்து, அத்தனை முடிச்சையும் அவிழ்த்து, காலை நுழைக்கத் தோதாக வாயை விரித்து வைத்திருந்தாள். அது அவர்கள் வழக்கம், உம்மைத் துரத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதேயும் என்று பிற்பாடு மொகுதூம் சொன்னார். எனக்கு அப்போதே அப்படித் தோன்றவில்லை. தரையில் தலை படக் குனிந்திருந்தாள். நானும் குனிந்தேன். இந்தத் தடவை எப்போது நிறுத்துவது என்று தெரிந்தது.

திரும்பி வருகிற கப்பலில் வாளிக்கு வேலையில்லை. அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே பொழுது சரியாக இருந்தது. பச்சை மீனில் ஆரம்பித்து, தொட்டிக் குளியலுக்கு வந்து, அவள் வயிறு குலுங்கச் சிரிக்கிற நேரம் பார்த்து நைசாக நுழைத்துவிடலாம் என்று ஒரு ஏற்பாடு. முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வது இன்னொரு ஏற்பாடு. தூத்துக்குடியில் இறங்குகிறபோது என்னிடம் இப்படிப் பன்னிரண்டு ஏற்பாடுகள் இருந்தன.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் இருந்தது. எஸ்தர் கதவைத் திறந்து, பெட்டியை வாங்காமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாட்டான்” என்றேன்.

“அவுக வாயால சொன்னாகளா?”

“சொன்னான்.”

சரி என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் பயங்களைப் பற்றி முன்னமே சொல்லியிருக்கிறேன். கிணற்றையும் உத்தரத்தையும் நினைத்து அந்தப் பத்து நிமிஷத்தில் நான் செத்துப் பிழைத்தேன். கதவில் காதை வைத்தேன். அழுகை கேட்டது. பிறகு மேஜை இழுப்பறை திறக்கிற சத்தம். கதவைத் தட்டக் கையை ஓங்கினபோது அவளே திறந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் ஒட்டின உறை. ஆழ்வார்குறிச்சி என்று எழுதியிருந்தது, மை இன்னும் காயவில்லை.

“நாலு மணிக்குத் தபால் கட்டிருவாங்க. போட்டுட்டு வாங்க, வெந்நி வைக்கேன்.”

ஓடினேன். பாளையங்கோட்டைத் தெருவில் பூட்ஸோடு ஓடுகிற நாற்பத்தாறு வயசுக்காரனைப் பார்த்து நாய்கள் கூடவே ஓடிவந்தன. தபாலாபீஸில் பையின் வாயை அப்போதுதான் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் என்னைக் கண்டதும் சாக்குக் கயிற்றை விட்டுவிட்டு, ஆவலாக முன்னால் வந்து, ஜப்பான் எப்படி இருந்தது அண்ணாச்சி, உட்கார்ந்து சொல்லுங்கள் என்றார்.

“முதல்ல இதுல முத்திரையைக் குத்தும் வே” என்றேன்.